எழுதியதாகச் சொன்ன கோப்பு: வழுவைத் திருத்தி, பழைய பதிப்புவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் ஒரு மஞ்சள் கிடங்கு. வரத்து மும்முரமாக இருந்த ஒரு பிற்பகலில் அதன் கணக்குப்பிள்ளை என்னை அழைத்தார். “தம்பி, எடைச்சீட்டு அச்சாகி விவசாயி கையில் இருக்கிறதுங்க. கணினியில் திறந்தால் வெறுமையாக இருக்கிறதுங்க.” கோவையில் பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் அவர் பட்டியலே எழுதி வைத்திருந்தார். பகல் 2 மணிக்குப் பிறகு போட்ட 41 சீட்டுகள். விரலியும் கிழங்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. கோப்புகள் அத்தனையும் வட்டில் இருந்தன, பெயரும் நேரமும் சரியாக இருந்தன. அளவு மட்டும் எல்லாவற்றுக்கும் 0.

வட்டு நிரம்பியிருந்தது. மூட்டைகளைப் படம் பிடிக்கும் கேமரா, யாரும் கேட்காமலே அதே வட்டில் படங்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. புதுக் கோப்பின் பெயர், கோப்புறைக்கு ஏற்கெனவே ஒதுக்கிய தொகுதிக்குள் அடங்கிவிடும். உள்ளே எழுத வேண்டிய 212 பைட்டுக்குத்தான் புதிதாக ஒரு தொகுதி வேண்டும், அது இல்லை. வட்டு நிரம்புவது வழு ஆகாது, உலகம் முழுக்க நடப்பதுதான். நிரம்பியதை யாரும் மென்பொருளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் வழு. சீட்டு நிரல் “எழுது” என்றது, “எழுதிவிட்டேன்” என்று பதில் வந்தது, உடனே அச்சடித்துவிட்டது.

சீட்டுகள் இருந்த இடம் ஒரு சிறிய திறமூலக் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் மென்பொருள். கர்னலுக்கு (இயங்குதளத்தின் கருவுக்கு) வெளியே கோப்பு முறைமையை ஓட்ட உதவும் ஃபியூஸ் வழியாக ஓடும், தரவை மறையாக்கம் செய்து, கீழே உள்ள எக்ஸ்ட்4 (லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமை) வட்டில் வைக்கும். அதற்கு நான் அவ்வப்போது பேட்ச், அதாவது நிரலில் செய்யும் திருத்தம், அனுப்புபவன். புது வேலை நடக்கும் முதன்மைக் கிளையில் வழுவைத் திருத்த எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கிடங்கில் ஓடிய, இரண்டு பதிப்பு பழைய கிளைக்கு அதைக் கொண்டுபோக, அந்தக் கிளையைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளரின் சம்மதம் பெற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் நான் செய்த தவறுகளையும் சேர்த்தே கீழே எழுதுகிறேன்.

முதலில், பொய் சொல்வது யார்?

எழுதும் வழியில் பல கைகள் உண்டு. லினக்ஸில் ரைட் அழைப்பு வெற்றி என்றால், தரவு நினைவகத்திலுள்ள பேஜ் கேஷில் வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டுமே பொருள். வட்டுக்குப் போவது பிறகு. அப்போது பிழை வந்தால் அதைத் தெரிந்துகொள்ளும் இடம், தரவை வட்டில் சேர்த்துவிட்டுப் பதில் சொல் என்று கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு. என்எஃப்எஸ் போன்ற பிணையக் கோப்பு முறைமைகளில் குளோஸ் அழைப்பும் பிழையைத் திருப்பித் தரலாம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பிழையை விழுங்குகிறது என்று தெரியும்வரை ஒரு வரிகூடத் திருத்தாதீர்கள்.

நிரல் கர்னலிடம் செய்யும் ஒவ்வொரு அழைப்பையும் காட்டும் எஸ்ட்ரேஸைச் சீட்டு நிரலின்மீது போட்டேன். ஓப்பன் சரி. ரைட் 212 என்று திருப்பியது, அதாவது கேட்ட 212 பைட்டும் எழுதியாயிற்று. எஃப்சிங்க் 0. குளோஸ் 0. குற்றம் சொல்ல இடமே இல்லை. அதே எஸ்ட்ரேஸைக் கோப்பு முறைமையின் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) மீது, எல்லா இழைகளையும் தொடரச் சொல்லிப் போட்டதும் நிலைமை வேறு. பிரைட் (குறித்த இடத்தில் எழுதும்) அழைப்பு -1, பிழை ஈஎன்ஓஎஸ்பிசி, அதாவது வட்டில் இடமில்லை. அடுத்த வரியில் டீமன் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. இப்படி மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பார்த்தால் எந்த அடுக்கில் செய்தி நின்றுபோகிறது என்று தெரிந்துவிடும். கர்னலுக்குள்ளேயே சிக்கல் என்றால், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்4 பிழை கண்டு தன்னைப் படிக்க மட்டும் என மாற்றிக்கொண்டிருந்தால் அங்கே எழுதியிருக்கும். மீதி இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை, இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியவில்லையா? டிஎஃப் -ஐ என்று கேளுங்கள். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டிய பதிவிடம்) தீர்ந்துபோயிருக்கும். பயனருக்கான ஒதுக்கீடு தீர்ந்தாலும் இதே கதைதான்.

என் மேசையில் வழுவை வரவழைத்த கதை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அரை நாளைத் தின்ற இடம். 64 எம்பியில் ஒரு படிமக் கோப்பு, அதை வட்டுபோல நடந்துகொள்ளும் லூப் சாதனமாக்கி எக்ஸ்ட்4, அதன்மேல் நம் கோப்பு முறைமை. நிரம்பும்வரை குப்பையை எழுதி, பிறகு ஒரு சீட்டு எழுதினேன். சீட்டு அழகாகப் பதிவானது. திரும்பத் திரும்பச் செய்தேன், ஒவ்வொரு முறையும் பதிவானது.

காரணம், எக்ஸ்ட்4 இயல்பாக வட்டில் 5 சதவீதத்தை, முழு அதிகாரமுள்ள பயனரான ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கிறது. 64 எம்பியில் அது ஏறத்தாழ 3 எம்பி. குப்பையை நான் சாதாரணப் பயனராக எழுதினேன், டீமனை ரூட்டாக ஓட்டினேன். எனக்கு நிரம்பிய வட்டு டீமனுக்கு நிரம்பவில்லை. கிடங்கில் டீமன் சாதாரணப் பயனராக ஓடியது. படிமத்தை உருவாக்கும்போதே ஒதுக்கீட்டை 0 ஆக்குங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே பயனராக ஓட்டுங்கள்.

இடமின்மை ஒரு வகைத் தோல்விதான். வட்டே பிழை தரும் நிலையையும் சோதிக்க வேண்டும், அதற்கு, வட்டின்மேல் போலி வட்டு அமைக்கும் டிவைஸ் மேப்பரில் வசதி இருக்கிறது. டிஎம்-ஃபிளேக்கி இத்தனை வினாடி ஒழுங்காக நடந்துகொள், இத்தனை வினாடி எழுதுவதை எல்லாம் பிழையாக்கு என்று சொன்னால் கேட்கும். டிஎம்-எரர் எப்போதும் பிழைதான். ரைட் அழைப்பின் பிழையை நிரல் கவனிக்கிறதா என்று மட்டும் பார்க்க /டெவ்/ஃபுல் போதும், எதை எழுதினாலும் இடமில்லை என்றே சொல்லும். ஆனால் அதில் எஃப்சிங்க் சங்கதிகளைச் சோதிக்க முடியாது. கர்னல் கோப்பு முறைமையில் கைவைப்பவர்களுக்கு எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு கட்டாயம். அதில் ஜெனரிக் 441 என்ற சோதனை, ஒரே கோப்பைப் பல முறை திறந்து, நடுவில் வட்டைப் பழுதாக்கி, திறந்த ஒவ்வொருவருக்கும் எஃப்சிங்க் பிழை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிறது. சொந்தச் சோதனை எழுதுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

சோதனை, திருத்தத்துக்கு முன் தோற்க வேண்டும். தோற்றதன் வெளியீட்டைச் சேமித்து வையுங்கள், பின்னால் பராமரிப்பாளர் கேட்பார்.

திருத்தம்

எங்கள் டீமன், எழுத வந்த தரவை வரிசையில் போட்டுவிட்டு உடனே வெற்றி என்கிறது. பின்னணியில் ஒரு இழை வரிசையைக் காலி செய்கிறது. எஃப்சிங்க் வந்தால் வரிசை காலியாகும்வரை காத்திருந்து 0 சொல்கிறது. காலியானது எழுதியதாலா, தூக்கி எறிந்ததாலா என்று அது கேட்பதே இல்லை. திருத்தம் 11 வரி: பின்னணி இழைக்குப் பிழை வந்தால், திறந்திருக்கும் கோப்பின் கணக்கில் அதைக் குறித்து வை. எஃப்சிங்க் வந்தாலும் ஃபிளஷ் வந்தாலும் அதைத் திருப்பிக் கொடு.

ஃபிளஷில் ஏன் என்றால், ஃபியூஸில் பயனரின் குளோஸ் அழைப்புக்குப் பதில் ஃபிளஷிலிருந்துதான் போகிறது. ரிலீஸ் என்ற இன்னொரு அழைப்பு உண்டு, பெயரைப் பார்த்துப் பலர் பிழையை அங்கே திருப்புகிறார்கள். அதன் பதிலைக் கர்னல் கண்டுகொள்வதில்லை. எங்கள் பழைய நிரலிலும் பிழை அங்கேதான் போய் மறைந்துகொண்டிருந்தது. ஒரே கோப்புக்கு ஃபிளஷ் பல முறை வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லோருக்கும் தோன்றும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி எஃப்சிங்க் கூப்பிடுவது. செய்யாதீர்கள். லினக்ஸில் பல கோப்பு முறைமைகள் எழுதத் தோற்ற பக்கத்தைச் சுத்தமானது என்று குறித்துவிடும். இரண்டாம் எஃப்சிங்கில் எழுத எதுவும் மிச்சமில்லை, ஆகவே வெற்றி. தரவு போனது போனதுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்கள் 2018-இல் இதைக் கண்டு திடுக்கிட்டார்கள். அதுவரை பல ஆண்டுகளாக அவர்கள் நிரல் இரண்டாம் எஃப்சிங்கை நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் தன்னையே நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து மீண்டு எழுகிறது. கர்னல் தரப்பில் 4.13 பதிப்பில் பிழையை எண்ணிட்டு வைக்கும் முறை வந்தது. கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பிழை ஒரு முறை சொல்லப்படும். ஒரு முறைதான். காது கொடுக்காவிட்டால் போயிற்று.

திருத்தும் கமிட்டில் (கிட் என்ற பதிப்புக் கருவியில் ஒன்றாகப் பதியும் மாற்றம்) திருத்தத்தை மட்டும் வையுங்கள். மாறிப் பெயர் மாற்றம், வரி ஒழுங்கு, “கூடவே இதையும் பார்த்தேன்” எல்லாம் வேறு கமிட்டுக்கு. முதன்மைக் கிளையில் இது நாகரிகம் மட்டுமே. பேக்போர்ட், அதாவது திருத்தத்தைப் பழைய கிளைக்குக் கொண்டுபோவது, என்று வரும்போது உங்கள் தலையெழுத்தே இதில் இருக்கிறது. சோதனையைத் தனிக் கமிட்டாக முதலில் வைத்தால், அதை மட்டும் பழைய கிளையில் இட்டுத் தோற்கிறதா என்று பார்க்க முடியும்.

எந்தப் பதிப்பில் நுழைந்தது?

கிட் பிளேம் வைத்து வரியின் வரலாற்றைப் பாருங்கள், தெளிவாக இல்லாவிட்டால், வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் கிட் பைசெக்ட். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சோதனையில் முடிந்துவிடும். வழுவைக் கொண்டுவந்த கமிட்டை ஃபிக்ஸஸ் என்ற வரியில் குறிப்பிடுங்கள். லினக்ஸ் கர்னலில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்தையும் தலைப்பையும் எழுதுவது வழக்கம். அந்தக் கமிட் எந்தெந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கிட் டேகைக் கேட்டால் பேக்போர்ட் வேண்டிய கிளைகளின் பட்டியல் கிடைத்துவிடும். பட்டியலில் இல்லாத கிளைக்குப் பேட்ச் அனுப்பினால் பராமரிப்பாளருக்கு வரும் எரிச்சல் நியாயமானது.

பழைய கிளை வேறு மண்

கோவைப் பட்டறைகளில் பழைய மோட்டாருக்கு உதிரிபாகம் கடையும் மேஸ்திரி, புது மாடலின் வரைபடத்தை நம்பிக் கடைசலைத் தொடங்க மாட்டார். பழைய மோட்டாரைப் பிரித்து ஷாஃப்டை அளந்த பிறகுதான் தொடங்குவார். நான் அளக்கவில்லை.

ஒரு கமிட்டை வேறு கிளையில் கொண்டுபோய் ஒட்டும் கட்டளையான கிட் செர்ரி-பிக் -எக்ஸ் என்று கொடுத்தேன். மோதல் எதுவும் வரவில்லை. தொகுத்தது. சோதனை தேறியது. மகிழ்ச்சியோடு அனுப்பினேன். இரண்டு நாளில் பராமரிப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரே கோப்பில் இரண்டு முறை எழுதி, முதலில் எழுதியது தோற்று இரண்டாவது தேறினால் என்ன ஆகும்?”

பழைய கிளையிலும் பிழையைக் குறித்து வைக்கும் அதே பெயருள்ள புலம் (மதிப்பை வைக்கும் இடம்) இருந்தது. அதனால்தான் மோதல் வரவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு முறை எழுதத் தொடங்கும்போதும் அந்தப் புலத்தை 0 ஆக்கிவிடுகிறார்கள். முதலில் எழுதுவது இடமில்லாமல் தோற்கிறது. அதற்குள் யாரோ ஒரு படத்தை அழிக்கிறார்கள். இரண்டாவதாக எழுதுவது தேறுகிறது, குறித்த பிழை துடைக்கப்படுகிறது, எஃப்சிங்க் 0 சொல்கிறது. இப்போது கோப்பு வெறுமையாகக்கூட இல்லை, நடுவில் ஓட்டையோடு இருக்கிறது. என் பேட்ச், கண்ணுக்குத் தெரிந்த கோளாறைக் கண்ணுக்குத் தெரியாத கோளாறாக மாற்றியிருந்தது. முதன்மைக் கிளையில் அந்த 0 ஆக்கும் வரியை வேறு யாரோ, வேறு காரணத்துக்காக, ஓராண்டுக்கு முன் 9 வரிக் கமிட் ஒன்றில் நீக்கியிருந்தார்கள். என் திருத்தம் அதன் தோளில் ஏறி நின்றது எனக்கே தெரியாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2023-இல், பேஜ் கேஷைத் தாண்டி நேரடியாக எழுதும்போது எக்ஸ்ட்4 கோப்பின் அளவைச் சரியாக வட்டில் சேர்ப்பதற்கான ஒரு திருத்தம் 6.1.64 நிலைக் கர்னலுக்கு (திருத்தங்கள் மட்டும் சேரும் பழைய கிளையின் பதிப்பு) போனது. கோப்பில் எதுவரை எழுதியாயிற்று என்ற குறியைச் சற்றுப் பிந்தி நகர்த்தும், கர்னலின் ஐஓமேப் பகுதியைச் சேர்ந்த கமிட் ஒன்றை அது நம்பியிருந்தது. அந்தக் கமிட் 6.1 கிளையில் இல்லை. பேட்ச் பொருந்தியது, தொகுத்தது, தரவைக் கெடுத்தது. டெபியன் என்ற லினக்ஸ் வினியோகத்தின் 12.3 வெளியீட்டையே நிறுத்த வேண்டியதாயிற்று. 6.1.66-இல் கர்னல் சரியானது, டெபியன் 2023 டிசம்பர் 10 அன்று 12.4 ஆக வெளிவந்தது. இரண்டு கமிட்டில் எதிலும் குற்றமில்லை. ஒன்றை மட்டும் தனியாகத் தூக்கிப் போனதுதான் குற்றம்.

ஆகவே, மோதல் வந்தால் மகிழுங்கள். எங்கே வேறுபாடு என்று கிட் உங்களுக்குச் சொல்கிறது. மோதல் வராத செர்ரி-பிக்தான் பயப்பட வேண்டியது. திருத்தம் தொடும் ஒவ்வொரு புலத்தையும் செயற்கூறையும் எடுத்துக்கொண்டு, பழைய கிளையில் அவற்றை வேறு யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று தேடுங்கள். இரண்டு கிளைகளுக்கும் இடையில் அந்தக் கோப்பில் வந்த கமிட்டுகளை எல்லாம் கிட் லாகில் ஒன்றுவிடாமல் படியுங்கள். சலிப்பான வேலைதான், எனக்கு 60 கமிட் இருந்தது, ஒரு மாலையில் முடிந்தது. கடைசியில் கிட் ரேஞ்ச்-டிஃப் வைத்து மூலப் பேட்சையும் பேக்போர்ட்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாத வரி இருந்தால் அனுப்பாதீர்கள்.

சம்மதம் கேட்பது

கேட்பதற்கு முன் அந்தத் திட்டத்தின் சட்டத்தைப் படியுங்கள். லினக்ஸ் கர்னலின் நிலைக் கிளைகளுக்கான விதிகள் கர்னல் ஆவணங்களிலேயே இருக்கின்றன. திருத்தம் முதலில், லினக்ஸை உருவாக்கிய லினஸின் முதன்மை மரத்தில் இருக்க வேண்டும். சுற்றுவரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக் கூடாது. சோதித்திருக்க வேண்டும். மக்களை உண்மையில் பாதிக்கும் வழுவாக இருக்க வேண்டும். “இப்படி நடக்கலாம்” என்ற கற்பனை போதாது. தரவுச் சேதம் அந்தப் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது, எழுதும் தோல்விக்காரர்களுக்கு அது வசதி. முதன்மைக்கு அனுப்பும்போதே நிலைக் கிளையின் அஞ்சல் முகவரிக்கு நகல் வரி சேர்ப்பது எளிய வழி. பிறகு கேட்பதானால் கமிட் அடையாளம், தலைப்பு, எந்தப் பதிப்புகளுக்கு, ஏன் என்று எழுத வேண்டும். பேட்சை மாற்றியிருந்தால், மூலக் கமிட் எது, எதை ஏன் மாற்றினேன் என்று விளக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். பழைய கிளைக்குக் கொடுத்துவிட்டு நடுவிலுள்ள புதிய நிலைக் கிளையை விட்டுவிட்டால், பதிப்பை உயர்த்துபவருக்கு வழு திரும்ப வந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் கேளுங்கள்.

ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் தன் வழக்கமும் உண்டு. எக்ஸ்எஃப்எஸ் குழு, நிலைக் கிளைகளுக்குத் தானியங்கியாகப் பேட்ச் பொறுக்குவதை ஏற்பதில்லை. எஃப்எஸ்டெஸ்ட்ஸ் ஓட்டிக் காட்டி, அந்தக் குழுவினர் சரி சொன்ன பிறகே போக வேண்டும். அகங்காரம் என்று சிலர் சொல்வார்கள். மஞ்சள் கிடங்குக்குப் பிறகு நான் அப்படிச் சொல்வதில்லை.

என் இரண்டாம் கடிதம் போன மாதிரி இது, ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம்:

“பழைய கிளையில் எழுதும் பிழை எஃப்சிங்குக்குப் போய்ச் சேர்வதில்லை. வட்டு நிரம்பியபோது ஒரு கிடங்கில் 41 கோப்புகள் வெறுமையாகின. இரண்டு கமிட்டுகள் வேண்டும்: முதலாவது, புலத்தை 0 ஆக்கும் வரியை நீக்கும் 9 வரி, இரண்டாவது, பிழையைத் திருப்பும் 11 வரி. முதலாவது இல்லாமல் இரண்டாவது தவறு, அதற்கான சோதனையும் சேர்த்திருக்கிறேன். மூலத்திலிருந்து ஒரே மாற்றம், பழைய கிளையில் பூட்டின் பெயர் வேறு. திருத்தம் இல்லாமல், இரண்டாவது மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று நிலையிலும் சோதனை வெளியீடு கீழே. ஆபத்து: இதுவரை வெற்றி பார்த்த நிரல்கள் இனி எஃப்சிங்கிலும் குளோஸிலும் பிழை பார்க்கும்.”

கடைசி வரி முக்கியம். ஆபத்தே இல்லை என்று எழுதினால், யோசிக்கவில்லை என்று பொருள். நடுவிலுள்ள “இரண்டாவது மட்டும்” என்ற சோதனைதான் பராமரிப்பாளரை மாற்றியது என்று நினைக்கிறேன். முதல் முறை நான் எங்கே விழுந்தேனோ அதையே ஆதாரமாக வைத்திருந்தேன். அவர் அலசிப் பார்ப்பது உங்கள் திறமையை அல்ல. பழைய கிளையில் ஏதாவது உடைந்தால் இரவில் எழுப்பப்படுபவர் அவர். உங்கள் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

பதில் வராவிட்டால்? ஒரு வாரம் பொறுங்கள். பிறகு அதே கடிதத்துக்குப் பதிலாக இரண்டு வரி. புதுக் கடிதம் வேண்டாம், “எங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்” வேண்டவே வேண்டாம். கேட்ட மாற்றத்தைச் செய்து மீண்டும் அனுப்பும்போது, சென்ற முறையிலிருந்து என்ன மாறியது என்று தனியாக எழுதுங்கள். “முடியாது” என்று பதில் வந்தால், கிளையின் ஆயுள் முடிகிறதா, பேட்ச் பெரிதா, நம்பிக்கை இல்லையா என்று கேளுங்கள். முதலாவது என்றால் பதிப்பை உயர்த்தும் வழியைப் பாருங்கள். மற்ற இரண்டும் திருத்தக்கூடியவை.

சேர்ந்த பிறகு

கிளையில் கமிட் சேர்ந்தது என்றால் கிடங்கில் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. பதிப்பு வெளிவர வேண்டும், வினியோகத்தின் பொட்டலம் அதை எடுக்க வேண்டும். பொட்டலத்தின் மாற்றக் குறிப்பில் உங்கள் கமிட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் பேசுங்கள். கர்னல் நிலைப் பதிப்பானால், வெளியீட்டுக்கு முன் வேட்பாளர் பதிப்பைப் பார்வைக்கு விடுவார்கள். வழக்கமாக இரண்டு நாள் அவகாசம். அதை எடுத்து உங்கள் சோதனையை ஓட்டி முடிவைச் சொன்னால் அடுத்த முறை உங்கள் பெயருக்கு மதிப்பு கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் போய்ப் புதுப் பொட்டலத்தை நிறுவினேன். வட்டை வேண்டுமென்றே நிரப்பி, கணக்குப்பிள்ளையை ஒரு பொய்ச் சீட்டுப் போடச் சொன்னேன். விரலி, ஒரு மூட்டை. அச்சு இயந்திரம் அசையவில்லை. திரையில் “சீட்டு பதிவாகவில்லை, வட்டில் இடமில்லை” என்று சிவப்பில் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளி வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கேமரா வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டார்.